கணக்கு வராத பிள்ளை தொல்லியல் படிக்கலாமா?

பத்தாம் வகுப்பில் கணக்கில் 43 மதிப்பெண் வாங்கிய ஒரு பிள்ளை கல்லூரியில் தொல்லியல் படிக்கலாமா, கூடாதா? மூன்று மாதமாக எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு. பிள்ளை, என் மகள் வயிற்றுப் பேத்தி. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பில் வரலாறு, தமிழ் இரண்டிலும் நல்ல மதிப்பெண். கணக்குப் பாடத்தைப் பதினொன்றிலேயே விட்டுவிட்டாள். அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனால் மற்ற பிள்ளைகள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துவிடும். இவள் அரிக்கமேட்டுப் பானை ஓடுகளின் முன்னால் நின்றுகொண்டிருப்பாள்.

மாப்பிள்ளைக்கு இதில் இஷ்டமில்லை. அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. "மாமா, தொல்லியல் எல்லாம் இப்ப சயின்ஸ் ஆயிடுச்சு. கார்பன் டேட்டிங், கம்ப்யூட்டர் மேப்புன்னு போவுது. கணக்கே வராத பொண்ணு அங்க போயி முழிச்சிக்கிட்டு நிக்கப் போவுது. பேசாம வேற எதாவது படிக்கட்டும்" என்றார். மகளோ, "மண்ணு தோண்டறதுக்கு எதுக்குக் கணக்கு?" என்கிறாள். நடுவில் பேத்தி என்னிடம் வந்து, "தாத்தா, நிசமாவே கணக்கு வேணுமா, வேணாமா? நீங்க விசாரிச்சு ஒரே பதிலா சொல்லுங்க" என்று கேட்டாள்.

ஒரே பதிலாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் விசாரித்தேன். ஓய்வு பெற்ற எழுத்தருக்கு வேறென்ன வேலை? கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பேரன் பேத்திகள் கல்லூரி வாசலில் நிற்கும் நண்பர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் உண்டு.

முதலில் நம் ஊர்க் கதை ஒன்று. வீராம்பட்டினம் பக்கத்தில் ஆற்றங்கரையில் பழைய பெரிய செங்கற்கள் கிடக்கின்றன என்று தன் பயண நூலில் எழுதி வைத்தவர் லெ ழாந்தி என்ற பிரெஞ்சுக்காரர். அவர் தொல்லியல் அறிஞரே இல்லை. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் போவதை அளக்க வந்த வானியலாளர், அதாவது முழு நேரக் கணக்குக்காரர். 1761இல் அவர் வந்த கப்பல் புதுச்சேரிக்குள் வர முடியவில்லை; ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. எட்டு வருஷம் காத்திருந்து 1769 ஜூனில் இங்கேயே கருவிகளோடு தயாராக இருந்தார். அன்றைக்குப் பார்த்து வானத்தில் மேகம்! கிரகணம் கணிக்கும் நம் ஊர்க்காரர்களின் முறையைப் பார்த்து வியந்து எழுதியவரும் அவரே. வெள்ளியை அளக்க வந்தவர் கண்ணில் பட்டது அரிக்கமேட்டுச் செங்கல்.

அவருக்குப் பிறகு நீண்ட காலம் கழித்து அந்த மேட்டின் அருமையை உணர்ந்தவர் ழுவோ துப்ரே. புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 1914இல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றி பிரெஞ்சில் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். ஒரு கோயில் எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க அவர் கையாண்ட வழி என்ன தெரியுமா? தூணின் மேல் உட்காரும் போதிகையையும், கூரை விளிம்பில் உள்ள கூடு என்னும் வளைவையும் கோயில் கோயிலாகப் பார்த்து, பல்லவர் காலத்தில் எப்படி இருந்தது, சோழர் காலத்தில் எப்படி மாறியது, விஜயநகரத்தில் என்ன ஆனது என்று வரிசைப்படுத்தினார். பெருக்கல் வகுத்தல் எதுவும் இல்லை. கண்ணும் பென்சிலும் பொறுமையும்தான் அதற்கு வேண்டியிருந்தன. இதைச் சொன்னதும் பேத்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, அப்பா?" என்று கிளம்பிவிட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். ஏனென்றால் அதே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் வந்து குழி வெட்டியபோது கதை வேறாகிவிட்டது.

வீலர் இராணுவத்தில் இருந்தவர். தோண்டும் இடத்தைச் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டு, நடுவில் மண் சுவர்களை விட்டு வைத்துத் தோண்டும் முறையை இந்தியாவில் பழக்கியவர். இன்றைக்குக் கீழடிப் படங்களில் நாம் பார்க்கும் சதுரக் குழிகள் அந்த வழியில் வந்தவைதான். சதுரம் என்றால் கணக்கு வந்துவிட்டதே! அங்கே என்னென்ன கணக்கு வருகிறது என்று தெரிந்துகொள்ள, இளம் வயதில் அகழாய்வுகளில் வேலை பார்த்த ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அரியாங்குப்பத்துப் பக்கம் இருக்கிறார். படிப்பு எட்டாம் வகுப்பு. "அய்யா, அங்க ஒரு ஓட்டை எடுக்கணும்னாலும் நூலு புடிச்சு, அளவு சொல்லி, எழுதின அப்பறம்தான் எடுக்கணும். கை சும்மா இருக்கும், டேப்பு சும்மா இருக்காது" என்றார். அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து, பேத்தியை மொட்டை மாடியில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம்.

சதுரம் போடுவது முதல் வேலை. நான்கு முளை அடித்து நூல் கட்டினால் அது சதுரம் ஆகிவிடாது, சாய்ந்து போகும். மூலை சரியா என்று பார்க்க ஒரு பக்கம் 3 மீட்டர், மறு பக்கம் 4 மீட்டர் அளந்து குறித்து, இரண்டு குறிக்கும் இடையே 5 மீட்டர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நம் கொத்தனார்கள் கடைக்கால் போடும்போது தினமும் செய்வதுதான். 5 மீட்டர் சதுரம் என்றால் மூலைக்கு மூலை 7.07 மீட்டர் வர வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால் முடிந்தது. பள்ளியில் இதே தேற்றத்தை எழுதச் சொன்னபோது ஏழு மதிப்பெண் இழந்த பெண், மாடியில் சணல் கயிற்றை வைத்துப் பத்து நிமிஷத்தில் போட்டுவிட்டாள்.

அடுத்தது மட்டம். ஒரு பொருள் எந்த உயரத்தில் கிடைத்தது என்று எழுத வேண்டும். உயரம் தெரிந்த ஒரு கல் இருக்கும், அதை 10.000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லெவல் கருவியில் பார்த்து அந்தக் கல்லின் மேல் நிறுத்திய அளவுகோலைப் படித்தால் 1.250. கூட்டினால் கருவியின் உயரம் 11.250. இப்போது அளவுகோலைக் குழிக்குள் பானை ஓட்டின் பக்கத்தில் நிறுத்திப் படித்தால் 2.780. கழித்தால் 8.470. ஓடு கிடந்த உயரம் அதுதான். ஒரு கூட்டல், ஒரு கழித்தல், அவ்வளவே. ஆனால் ஒரு நாளில் இதை நூறு தடவை வெயிலில் நின்று செய்ய வேண்டும். நூறில் ஒன்று கூடத் தப்பக் கூடாது. இப்போது டோட்டல் ஸ்டேஷன் என்ற கருவி தானே கணக்குப் போட்டுவிடுகிறது என்கிறார்கள். இருக்கட்டும். கருவி சொல்லும் எண் அபத்தமாக இருந்தால் அது அபத்தம் என்று தெரிய வேண்டாமா? தரைக்கு மேல் இரண்டு மீட்டர் உயரத்தில் பானை கிடைத்ததாகக் கருவி சொன்னால் அதை அப்படியே எழுதி வைப்பதா?

பிறகு வரைபடம். 1க்கு 20 என்ற அளவில் வரைந்தால் 5 மீட்டர்ச் சுவர் கிராஃப் தாளில் 25 சென்டிமீட்டர். இது விகிதம்.

பானை ஓட்டில்தான் பேத்திக்கு ஆர்வம் பிறந்தது. உடைந்த வாய்ப்பகுதி ஒரு துண்டு கிடைத்தால் முழுப் பானையின் வாய் எவ்வளவு அகலம் என்று கண்டுபிடித்துவிடலாம். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போட்ட அட்டையின் மேல் துண்டை வைத்து, எந்த வட்டத்தோடு பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். அட்டை இல்லையென்றால் கணக்கு. துண்டின் இரு முனைக்கும் இடையே 10 சென்டிமீட்டர், நடு வளைவின் ஆழம் 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்தைப் பத்தால் பெருக்கி, வளைவின் எட்டு மடங்கால் வகுத்தால் பன்னிரண்டரை. அதோடு வளைவில் பாதியான அரையைச் சேர்த்தால் 13. அது ஆரம். ஆகப் பானையின் வாய் 26 சென்டிமீட்டர். வீட்டில் உடைந்த பழைய மண்சட்டி ஒன்று இருந்தது. அதன் துண்டை வைத்து இப்படிக் கணக்குப் போட்டாள். மீதிச் சட்டியை அளந்து பார்த்தால் அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அதற்குப் பிறகு என் மனைவி சமையலறைப் பக்கம் அவளை விடுவதில்லை. எல்லாப் பாத்திரத்தையும் அளக்கிறாளாம்.

இங்கே என் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கணக்குப் படித்தது பிரெஞ்சில். 97ஐ 'நான்கு இருபது, பத்து, ஏழு' என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். ஒரு எண்ணைச் சொல்வதற்குள்ளேயே ஒரு பெருக்கலும் இரண்டு கூட்டலும் முடிந்திருக்கும். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் கமா போடுவோம்: 3,14. 'பூவார் - ரத்தினே' மடக்கை அட்டவணையைப் புரட்டி வளர்ந்த கூட்டாளிகள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அப்புறம் அரசு வேலையில் சேர்ந்து நிலப் பதிவேடுகள் பக்கம் உட்கார்ந்தேன். கதாஸ்தர் எண், ஆர், சாந்தியார் ஒரு பக்கம். குழி, காணி இன்னொரு பக்கம். ஆங்கிலேயர் வழி ஏக்கர், சென்ட் மூன்றாவது பக்கம். நம் ஊர்க் குழி 576 சதுர அடி, அதாவது 24 அடிக்கு 24 அடி. முப்பது வருஷம் இதையே மாற்றி மாற்றி எழுதியதில் நான் கண்டது ஒன்று உண்டு. கணக்கில் புலி என்று பெயர் வாங்கியவர்கள் சிலர் மனக்கணக்காகப் போட்டு, சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். கணக்கு வராது என்று பயந்தவர்கள் இரண்டு தடவை போட்டுப் பார்ப்பார்கள். யாருடைய பதிவேட்டை நம்பிப் பத்திரம் எழுதலாம் என்று எங்கள் அறையில் எல்லாருக்கும் தெரியும். அகழாய்வுக் குழியில் நிற்பதற்கு இரண்டாவது ரகம்தான் லாயக்கு என்பது என் அபிப்பிராயம்.

அளவு மட்டும் போதுமா என்றால் போதாது. அதையும் வீலரே சொல்லியிருக்கிறார். அவருக்கு முன்னால் மொகஞ்சதாரோவில் தோண்டியவர்கள் அளக்காமல் இல்லை. எல்லாப் பொருளுக்கும் ஒரு பொது மட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என்று எழுதி வைத்தார்கள். ஒரே ஆழத்தில் கிடைத்ததெல்லாம் ஒரே காலம் என்று எடுத்துக்கொண்டார்கள். மண்ணடுக்கு என்ன, பலகை போலச் சமமாகவா கிடக்கிறது? சரிந்து கிடக்கும். பின்னால் வந்தவன் குப்பைக் குழி வெட்டியிருப்பான். வீட்டுத் தோட்டத்தில் போன வருஷம் வாழைக்கு வெட்டிய குழியில் ஒரு பிளாஸ்டிக் மூடி விழுந்திருந்தால், பக்கத்து மண்ணில் உள்ள கொள்ளுத் தாத்தா காலத்து ஓட்டைவிட அது ஆழத்தில் கிடக்கும். எண்ணை மட்டும் பார்த்தால் பிளாஸ்டிக் மூடி கொள்ளுத் தாத்தாவுக்கும் மூத்ததாகிவிடும்! மண்ணின் நிறம் மாறும் கோட்டைக் கண்ணால் பிரித்துப் பார்த்து, பொருள் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று முடிவு செய்துவிட்டுத்தான் எண்ணை எழுத வேண்டும். வீலரின் சண்டை இதற்காகத்தான். கணக்குக்காரர் கோட்டைவிட்டு, கண்ணுள்ளவர் பிடித்த இடம் அது.

பேத்திக்கு இன்னும் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன். எகிப்தில் தோண்டிய பிளிண்டர்ஸ் பெட்ரி, காலம் தெரியாத சுமார் 900 கல்லறைகளை வைத்துக்கொண்டு திணறினார். ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு சீட்டு எழுதினார். அதில் என்ன வகைப் பானைகள் கிடைத்தன என்று குறித்தார். ஒரே மாதிரிப் பானைகள் உள்ள சீட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வரும்படி அடுக்கிக்கொண்டே போனார். அடுக்கி முடித்தபோது முன்னது எது, பின்னது எது என்ற வரிசை வந்துவிட்டது. ஆண்டு தெரியாது, வரிசை தெரியும். பிற்காலத்தில் கணித அறிஞர்கள் இதை எடுத்துக்கொண்டு சூத்திரமாக்கினார்கள். பெட்ரி செய்தது கோப்பு அடுக்கும் வேலை. நம் ஐராவதம் மகாதேவன் அவர்களும் அப்படித்தான். ஐ.ஏ.எஸ். அதிகாரி. சிந்துவெளி எழுத்தில் எந்தக் குறி எங்கே, எதன் பக்கத்தில், எத்தனை தடவை வருகிறது என்று பட்டியல் போட்டு, கணிப்பொறி உதவியோடு 1977இல் வெளியிட்டார். அதில் 417 குறிகள். எண்ணுவதுதான் வேலை. எண்ணுவது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள்.

எதிர்ப்பக்கத்து உதாரணத்தையும் மறைக்கக் கூடாது. டி.டி. கோசாம்பி தொழிலால் கணிதப் பேராசிரியர். பழைய முத்திரை நாணயங்களை எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். நாணயம் கைமாறக் கைமாறத் தேயும். அதிக காலம் புழங்கியது அதிகம் தேய்ந்திருக்கும். நம் காலத்து ஓட்டைக் காலணா நினைவிருக்கிறதா? ஆனால் அச்சடிக்கும்போதே ஒன்றுக்கொன்று எடையில் சின்ன வித்தியாசம் உண்டு. ஆகையால் ஒரு காசை நிறுத்தால் ஒன்றும் தெரியாது. நூற்றுக்கணக்கில் நிறுத்து, சராசரியையும் சிதறலையும் பார்த்தால் எந்தக் கூட்டம் பழையது, எது புதியது என்று தெரியும். புள்ளியியல் தெரிந்தவனுக்குத்தான் இந்த யோசனையே தோன்றும். கணக்கு வந்தால் சில கதவுகள் திறக்கும் என்பது உண்மை. அதைப் பேத்தியிடம் அப்படியே சொன்னேன்.

இப்போது மாப்பிள்ளையின் கார்பன் டேட்டிங்குக்கு வருகிறேன். இதில்தான் எனக்கே நிறைய நாள் ஆனது.

உயிருள்ளவரை மரமும் நெல்லும் கார்பன்-14ஐ உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கும். செத்த பிறகு வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். 5730 ஆண்டில் பாதி போய்விடும். இன்னொரு 5730 ஆண்டில் மீதியில் பாதி. இதைக் கண்டுபிடித்த லிபிக்கு 1960இல் நோபல் பரிசு. மிச்சம் எவ்வளவு என்று பார்த்து வயதைச் சொல்வது ஆய்வுக்கூடத்தின் வேலை. அந்த மடக்கைக் கணக்கை மாணவி போட வேண்டியதில்லை. மாதிரியைக் கட்டி அனுப்பினால் விடை எழுதி வரும். ஆனால் விடை எப்படி வருகிறது? 2450, கூட்டல் கழித்தல் 30 என்பது போல வருகிறது. இந்த 30ஐப் படிக்கத் தெரியாதவர் தொல்லியல் படித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. உண்மை வயது 2420க்கும் 2480க்கும் இடையே இருப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று அதற்கு அர்த்தம். மூன்றில் ஒரு பங்கு வெளியேயும் இருக்கலாம். இன்னும் உறுதி வேண்டுமானால் 30ஐ 60 ஆக்க வேண்டும்; அப்போது நூற்றுக்கு 95.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. அதனால் மர வளையங்களை எண்ணிச் செய்த ஒரு வளைகோட்டில் வைத்து அந்த எண்ணை நாட்காட்டி ஆண்டாக மாற்ற வேண்டும். அந்த வளைகோடு கி.மு. 800க்கும் கி.மு. 400க்கும் இடையே கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது. மேலே சொன்ன 2450ஐ அதில் வைத்தால் கி.மு. 750 முதல் 410 வரை ஏறத்தாழ எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று விடை வரும். ஆய்வுக்கூடத்தின் தவறு எதுவும் இல்லை, இயற்கை அப்படி.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு கி.மு. 580 என்று 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை வந்தது. அந்த ஆண்டு மேலே சொன்ன படுத்த கோட்டுக்குள்தான் விழுகிறது. அன்று முதல் டீக்கடையிலும் கைபேசியிலும் ஒருவர் அந்த எண்ணைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார், இன்னொருவர் கிழித்து எறிகிறார். இரண்டு பேரும் கூட்டல் கழித்தல் பக்கம் பார்ப்பதே இல்லை. ஒரு மாதிரி போதுமா, எத்தனை மாதிரி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன, அந்தக் கரித்துண்டு எந்த மண்ணடுக்கில் கிடந்தது, அந்த அடுக்கில் வேறென்ன பானை, என்ன எழுத்து இருந்தது என்று கேட்பவர் எத்தனை பேர்? தமிழின் பழமையைப் பற்றி வெளியூர்க்காரன் முன்னால் நின்று பேசப் போகிற பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் நம் பக்கத்து நியாயத்தையும் சரியாகச் சொல்ல வராது. எனக்குத் தமிழ்ப் பற்று உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

இதைப் பேத்திக்கு விளக்கியபோது அவள் கேட்டாள்: "அப்ப இது கணக்கா, தாத்தா? தமிழ் வாக்கியத்தைச் சரியாப் படிக்கறாப்புலல்ல இருக்கு!" நல்ல கேள்வி. 'இருக்கலாம்' என்பதற்கும் 'இருக்கிறது' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தானே அந்தக் கூட்டல் கழித்தல்.

ஆகப் பாடத்தைப் பொறுத்தவரை என் பதில் இது. பத்தாம் வகுப்பு வரையிலான விகிதம், சதவீதம், சராசரி, முக்கோணம் கையில் இருக்க வேண்டும். மதிப்பெண் குறைந்திருந்தால் பரவாயில்லை, ஆனால் மறுபடி உட்கார்ந்து கற்றுக்கொள்ள மனசு வேண்டும். புள்ளியியல் கொஞ்சம் அங்கே போய்ப் படிக்கலாம். "எனக்குக் கணக்கு ஆவாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களுக்கு இந்தப் படிப்பு சரிப்படாது. கல்வெட்டு, சிற்பம் என்று போனால் கணக்கு இன்னும் குறைவு.

சேர்க்கையிலும் கணக்கு குறுக்கே நிற்கவில்லை. நம் பக்கத்தில் பெரும்பாலும் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு எம்.ஏ.யில்தான் தொல்லியலுக்குப் போகிறார்கள். பி.ஏ. வரலாற்றுக்குப் பன்னிரண்டில் கணக்கு தேவையில்லை. அதன் பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை இருக்கிறது, புனேயில் டெக்கான் கல்லூரி இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வி நிறுவனம் கிரேட்டர் நொய்டாவில் முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. 2020இல் அதன் அறிவிப்பில் செம்மொழிகள் பட்டியலில் தமிழ் விடுபட்டு, கூச்சல் எழுந்த பிறகு சேர்த்தார்களே, அதே படிப்புதான்.

கணக்கு நிஜமாகவே குறுக்கே நிற்கும் இடம் வேறு. யாரும் இதைச் சொல்லவில்லை; நானாகப் பழைய வினாத்தாள்களைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. கல்லூரியில் ஆசிரியராகவோ ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கவோ நெட் தேர்வு எழுத வேண்டும். அதன் முதல் தாளில் எண் வரிசை, சதவீதம், பட்டியலைப் படித்து விடை சொல்வது எல்லாம் உண்டு. தமிழ்நாடு தேர்வாணையத்தின் தொகுதித் தேர்வுகளில் 200 கேள்விக்கு 25 திறனறிவுக் கணக்கு. மத்தியப் பணியாளர் தேர்வாணையத்திலும் ஒரு பகுதி முழுக்கக் கணக்கு. தொட்டி நிரம்பும் நேரம், ரயில் பாலத்தைக் கடக்கும் நேரம், ஆறு ஆள் எட்டு நாளில் முடிக்கும் வேலை. பானை ஓட்டுக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுப் பயனில்லை. தொல்லியலில் வேலை இடங்களே குறைவு. அந்தக் குறைந்த இடத்துக்கும், அது கிடைக்காவிட்டால் வேறு அரசு வேலைக்கும், இந்த ரயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். மாப்பிள்ளையின் கவலைக்கு இதுதான் உண்மையான இடம் என்று அவரிடமே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது மூணு வருஷம் கழிச்சுதானே மாமா? அதுக்குள்ள அந்த 25 கேள்விய நான் சொல்லிக் குடுத்துட மாட்டேனா?" என்றார். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர். எனக்கு அந்த யோசனை தோன்றவே இல்லை.

பி.ஏ. வரலாற்றுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பட்டியல் இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் எங்கள் இரண்டு பேருக்கும் வேறொரு வேலை கிடைத்திருக்கிறது. வீலருக்குப் பின் அரிக்கமேட்டில் தோண்டிய கசால், 1949இல் தன் அகழாய்வைப் பற்றிப் பாரிசில் ஒரு புத்தகம் வெளியிட்டார். முழுக்க பிரெஞ்சு. ஒரு நண்பர் தயவில் சில பக்கங்களின் நகல் கிடைத்தது. தினமும் மாலை ஒரு பக்கம் நான் படித்துத் தமிழில் சொல்கிறேன், அவள் எழுதிக்கொள்கிறாள். அதிலும் புள்ளிக்குப் பதில் கமாதான். முதல் நாள் ஓர் அளவை ஆயிரக்கணக்கில் படித்துவிட்டு, "இவ்ளோ ஆழமா தோண்டினாங்க தாத்தா?" என்று கேட்டாள். கமாவைக் காட்டினேன். இப்போது படிக்கும்போது ஒவ்வொரு கமாவின் கீழும் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வருகிறாள்.